வேது ஆறுவதற்குள்

போர்வையை இழுத்து மூடியதும் வீடே இந்தச் சருவச்சட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதுவும் நல்லதுக்குத்தான். வெளியே இருக்கிற முகங்களில் ஒன்றையும் இப்போதைக்குப் பார்க்க வேண்டியதில்லை. நொச்சி இலையும் மஞ்சள்பொடியும் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் முகத்துக்கு நேர் கீழே. கண்ணைத் திறந்தால் எரிகிறது, மூடினால் இமைக்குள் வேர்க்கிறது. மூக்கு மட்டும் அசையவில்லை, இரண்டு துவாரத்திலும் சிமெண்டு வைத்துப் பூசின மாதிரி. ‘வாயால இழுக்காதீங்க, மூக்கால இழுங்க’ என்கிறாள் சுபத்திரா, போர்வையின் ஓரத்தை என் முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டே. மூக்கால் இழுக்க முடிந்தால் நான் எதுக்குத் தாயே வேது பிடிக்கப் போகிறேன். கல்யாணம் கட்டின நாளிலிருந்து இவளுக்கு இதைச் சொல்கிறேன், அவளும் அதையேதான் சொல்கிறாள். பக்கத்து அறையில் என்னைப் பெற்ற அய்யா கிடக்கிறார். அவர் மூச்சு இங்கே வரைக்கும் வருகிறது, சளியால் அடைத்துப்போன என் காதுக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இளநீர் தீர்ந்த பிறகும் குழாயை எடுக்காமல் உறிஞ்சுவார்களே, அந்தச் சத்தம். இழுக்கிறது, நிற்கிறது, பிறகு இழுக்கிறது. நிற்கிற நேரத்தில் நானும் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன், வேண்டுமென்று இல்லை, அதுவாக நிற்கிறது. ‘ஏய்யா தெய்வேந்திரா’ என்று வெயிலத்தை அவர் கட்டிலடியிலிருந்து கூப்பிடுகிறாள். ‘வெந்நி ஆறுறதுக்குள்ள வந்துருய்யா. பாலு காச்சி வச்சாச்சு. மூத்தவன் நீதான் மொதச் சங்கு ஊத்தணும். மூக்கு ஒழுக நின்னு ஊத்தாத, அவன் ஆத்மா நிம்மதியாப் போகட்டும்.’ அத்தை அய்யாவுக்கு அக்கா. முழுப்பெயர் வெயிலுகந்தாள். எங்கள் வீட்டில் நடந்த சாவையெல்லாம் கூடவே இருந்து நடத்திவைத்தவள். கெட்டவள் இல்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் தம்பியின் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அழுதுகொண்டே பாலையும் ஆற்றிவிடுவாள். இந்த வெந்நீர் ஆறினால் நான் வெளியே போயாக வேண்டும், போனால் சங்கை என் கையில் கொடுப்பார்கள், கொடுத்தால் நான் ஊற்றுவேன். இதுவரைக்கும் கையில் கொடுத்த எதையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

டாக்டர் என்ன சொன்னார்? திரும்பத் திரும்ப அங்கேதான் போய் முட்டுகிறேன். காலையில் பேட்டை டாக்டர் வந்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், முதுகில் வைத்தார், எழுந்தார். ‘கோழை கட்டியிருக்கு’ என்றார். அவ்வளவுதான், அத்தை வாயில் அடித்துக்கொண்டு அலறிவிட்டாள், சுபத்திரா அவளைப் பிடிக்க ஓடினாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். பெரியப்பாவுக்குக் கோழை கட்டியது, பால் ஊற்றினோம். அத்தை வீட்டு மாமாவுக்குக் கோழை கட்டியது, பால் ஊற்றினோம். கோழை கட்டிருச்சு என்றால் சொல்லி அனுப்ப வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பு என்று அர்த்தம். ஆனால் அவர் டாக்டர் இல்லையா, அவர் வெறும் சளியைச் சொல்லியிருக்கலாம் இல்லையா. அதற்கு மேலேயும் சொன்னார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: ‘இவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக.’ அந்த இடத்தில் நான் தும்மினேன். சாதாரணத் தும்மல் இல்லை, அடுக்குத் தும்மல், ஒன்று முடிவதற்குள் அடுத்தது. தும்மி முடித்துக் கண்ணைத் திறந்தால் அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கிறார். கொண்டுபோகணும் என்றாரா, கொண்டுபோக வேணாம் என்றாரா. தமிழில் எல்லாவற்றையும் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், எவன் பார்த்த வேலையோ. ஒரு மனிதனை வாழவைப்பதும் சாகவிடுவதும் வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது, அந்த வாலை என் மூக்கு தின்றுவிட்டது. ‘டாக்டரே கையை விரிச்சிட்டாரே’ என்று அத்தை ஒப்பாரியில் சேர்த்துக்கொண்டாள். விரித்தாரா? செருப்பு மாட்டும்போது சுவரில் கை ஊன்றினார், எனக்குத் தெரிந்து அவ்வளவுதான். ஓடிப்போய், சார், என்ன சொன்னீங்க, தும்மல்ல சரியாக் கேக்கல என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பெற்ற தகப்பன் விஷயத்தில்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கமாட்டியா என்று நினைப்பாரே என்று விழுங்கிவிட்டேன். அப்புறம் போன் போட்டேன், அணைத்துவைத்திருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார், அது பேட்டைக்கே தெரியும். சாயங்காலம்தான் எடுப்பார். சாயங்காலம் வரைக்கும் பால் காத்திருக்காது, அத்தை காத்திருக்கமாட்டாள், இந்தச் சருவச்சட்டியும் காத்திருக்காது.

கோழை. போகணும், வேணாம் இரண்டையும் தள்ளிவைத்தாலும் இந்தச் சொல் விடமாட்டேன் என்கிறது. அய்யா வாயால்தான் இதை முதலில் கேட்டேன். அவர் விருதுநகர் பேட்டையில் வத்தல் மண்டியில் இருந்தவர். மிளகாய் வத்தல் மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் அந்த நெடிக்குத் தெருவே தும்மும், போகிற பஸ்ஸில் இருக்கிறவன் தும்முவான், அய்யா தும்மமாட்டார். மூட்டைக்குள் முகத்தை விட்டு மோந்துவிட்டு நிமிர்வார், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. எனக்கோ பிறந்ததிலிருந்து மூக்கு ஒழுகல். பள்ளிக்கூடத்தில் சளிமூக்கன், தெருவில் ஒழுகன், இப்போது ஈ.பி. ஆபீசில் தும்மல் சார். அய்யா கூப்பிட்டுத் திட்டமாட்டார். எதிரே எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஆள்காட்டி விரலால் தன் மூக்கு நுனியைத் தொட்டுக் காட்டுவார். துடை என்று அர்த்தம். பந்தியில் காட்டுவார், கோயிலில் காட்டுவார், என் கல்யாணத்தில் மேடைக்குக் கீழே நின்று காட்டினார், தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நான் துடைத்தேன். அம்மா இருந்தபோதே ஒரு பரீட்சை லீவில் என்னை மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் மூட்டையைக் கவிழ்த்ததுமே தொண்டை கமறி, கண் இருண்டு, மூக்கும் வாயும் ஒன்றாக ஒழுக, நான் ரோட்டுக்கு ஓடினேன். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அய்யாவும் வெளியே வந்தார், என்னைப் பார்த்தார், ‘எனக்குன்னு வந்து பொறந்திருக்கு பாரு, கோழை’ என்றார். எதைச் சொன்னார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. என் மூக்கிலிருந்து தொங்கியதையா, என்னையா. கேட்கவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது, நடுவில் நின்றுகொண்டு மூச்சை மறிக்கும். இப்போது அவர் நெஞ்சில் ஒரு கோழை, இந்தப் போர்வைக்குள் ஒரு கோழை. எவ்வளவு ஆவி இப்போது, முன்பைவிடக் குறைவாக இருக்கிறதே. இல்லை, இன்னும் சூடு இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன். பொறுக்கிற சூடாக மாறிக்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்கும் அந்த அறைதான். கட்டில் வேறு, இடம் அதே இடம், ஜன்னலுக்குக் கீழே. நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தேன், ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எதை நினைக்காமல் இருப்பது. மழைக்காலம், நான் சின்னக் கிளாஸ் படித்தேன், அம்மாவுக்கு நெஞ்சு முழுக்கச் சளி. காலையில்கூட என்னைப் பார்த்து, சாப்பிட்டியாடா என்று கேட்டாள். கேட்டுவிட்டு இருமினாள், இருமல் பாதியில் சிக்கிக்கொண்டு இதே சத்தம். யார் முதலில் சொன்னதென்று தெரியவில்லை, கோழை கட்டிருச்சு என்று வீடு முழுக்கப் பரவிவிட்டது. நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை பாலை ஆற்றிச் சங்கில் ஊற்றி அய்யா கையில் கொடுத்தாள், அப்போதும் அழுதுகொண்டுதான் கொடுத்தாள். அய்யா ஊற்றினார். பால் உள்ளே போனது, பிறகு அம்மாவின் மூக்கு வழியாக வந்தது, வெள்ளையாக, நுரையோடு. நான் அதைச் சளி என்று நினைத்தேன். அம்மாவுக்கும் என்னைப்போல ஒழுகுகிறது என்று நினைத்தேன், யாராவது துடைத்துவிடுங்களேன் என்று பார்த்தேன். அப்போது அம்மாவின் கை எழுந்து அய்யாவின் மணிக்கட்டைப் பிடித்தது. சும்மா தொடவில்லை, பிடித்தது, வளையல் சத்தம் கேட்டது. ‘பிரிய மனசில்லாமப் பிடிக்கா பாரு, இன்னொரு சங்கு ஊத்து, கட்டை வேகும்’ என்றாள் அத்தை. அய்யா நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கோபம் என்று நினைத்தேன். என் மூக்கைப் பார்க்கிறார், துடைக்கச் சொல்கிறார் என்று நினைத்து அவசரமாகச் சட்டைக் கையில் துடைத்தேன். அதற்குள் அவர் திரும்பி இன்னொரு சங்கு ஊற்றிவிட்டார். அதற்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது. எவ்வளவு நல்ல சாவு, பாலைக் குடிச்சிட்டுப் போயிட்டா என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். பாசத்தில்தான் பிடித்தாளா? பாசத்தில் பிடிக்கிற கைக்கு அவ்வளவு பலம் வருமா? மூச்சு முட்டினால் நானும் எதையாவது பிடித்துக்கொள்கிறேன், இதோ இப்போதும் ஸ்டூலின் விளிம்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சுபத்திரா போர்வைக்கு மேலாக என் தலையைத் தட்டுகிறாள். ‘ஏங்க, தூங்கிட்டீங்களா, அத்தை கேக்குறாங்க.’ இன்னும் கொஞ்சம் என்கிறேன், என் குரல் எனக்கே பானைக்குள்ளிருந்து வருகிறது. ‘ஆறிருச்சுன்னா வேற வெந்நி வைக்கட்டுமா’ என்கிறாள். வை தாயே, நாள் முழுக்க வை, ஊரில் இருக்கிற நொச்சியெல்லாம் பறித்துப்போடு. ‘வேணாம் வேணாம், போதும் வரச்சொல்லு’ என்று அங்கிருந்து அத்தை. பால். இந்த வீட்டில் எனக்குப் பால் கிடையாது. சளிக்குப் பால் ஆகாது என்று சுபத்திரா வந்த புதிதிலேயே நிறுத்திவிட்டாள், கடுங்காப்பிதான். வீட்டில் கடுங்காப்பி குடிக்கிற ஆண்கள் இரண்டு பேர், ஒரே சட்டியில் போட்டுவிடுவாள். எனக்குச் சளி, சரி. அய்யா எதற்குக் கடுங்காப்பி குடிக்கிறார்? அதென்ன, இத்தனை வருசத்தில் இதை நான் கேட்டதே இல்லையே. மண்டிக்குப் போகிற வழியில் ஸ்பெஷல் டீ குடித்து, ஆடையை விரலால் எடுத்து எனக்கு ஊட்டிவிட்ட மனுசன் அவர். எப்போது விட்டார்? அம்மா போன பிறகு அவர் டம்ளரில் வெள்ளையாக எதையும் நான் பார்த்த ஞாபகம் இல்லை. கேட்டால் பால் சளி கட்டும் என்பார். வத்தல் மூட்டைக்குள் தலையை விட்டாலும் தும்மாத மனுசனுக்கு என்ன சளி. என் கல்யாணத்தன்று எங்களுக்குப் பால்பழம் கொடுக்கிற நேரத்தில் அவர் எழுந்து வெளியே போனார், பீடி பிடிக்கப் போகிறார் என்றார்கள். என் மகள் பிறந்தபோது அவளுக்குச் சங்கில் பால் புகட்டுவதைப் பார்த்தால் வேறு அறைக்குப் போய்விடுவார், ஆம்பளைக்கு என்ன அங்கே வேலை என்று அத்தை மெச்சினாள். மெச்சத்தான் செய்தாள். அதே வெள்ளிச் சங்குதான் இப்போது கட்டிலடியில் தயாராக இருக்கிறது. அப்படியென்றால், சரி, அப்படியென்றால் அன்றைக்குக் கதவைப் பார்த்துத் திரும்பிய முகத்தில் இருந்தது கோபம் இல்லை. என் மூக்கையும் அவர் பார்க்கவில்லை. யாராவது வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்று பார்த்திருக்கிறார். அறையில் அத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருத்தரும் சொல்லவில்லை, கடைசியில் கதவுப்பக்கம் பார்த்திருக்கிறார், அங்கே ஒரு சளிமூக்கன் நின்றிருக்கிறான். அய்யா, நீங்களுமா. தும்மாத மனுசன், ஊருக்கெல்லாம் பயப்படாத மனுசன், உங்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லமுடியாமல் ஊற்றிவிட்டுக் காலமெல்லாம் ஒரு டம்ளர் பாலுக்குப் பயந்து கிடந்தீர்களா. எனக்கு அழுகை வருகிறது. அழுதால் இன்னும் அடைத்துக்கொள்ளும், அழக்கூடாது. அவருக்குக் காது கேட்கும் இப்போது. கண் மூடியிருந்தாலும் காது கேட்கும் என்பார்கள். அத்தை பாலை ஆற்றுகிற சத்தம், டம்ளரிலிருந்து வட்டைக்கு, வட்டையிலிருந்து டம்ளருக்கு, அதை அவர் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறார்.

வெந்நீர் ஆறிவிட்டது. ஆவி இல்லை, நொச்சி இலை அடியில் போய்ப் படிந்துவிட்டது, வெறும் மஞ்சள் தண்ணீரில் என் முகம் ஆடுகிறது. இடது மூக்கில் ஏதோ இளகுகிறது. நூல்போல ஒரு வழி, அதில் கொஞ்சம் காற்று. எத்தனையோ நாள் கழித்து ஒரு வாசனை வருகிறது, நொச்சியாக்கும் என்று இழுக்கிறேன், நொச்சி இல்லை. பால். அடியில் லேசாகப் பிடித்துப்போன பால். தொடர்ந்து காதுக்குள் பட்டென்று ஒன்று திறந்தது, திறந்ததும் அவர் மூச்சு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இதுவரை கேட்டது பாதிதான் போலிருக்கிறது. இழுப்புக்கு நடுவே இன்னொரு சத்தமும் இருக்கிறது, தொண்டையைச் செருமுகிற சத்தம். செருமுகிறார். திரும்பச் செருமுகிறார். சாகப்போகிறவன் செருமுவானா? எனக்கு என்ன தெரியும், நான் டாக்டரா. ஆனால் செருமல் எனக்குத் தெரியும், காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை அதுதான். உள்ளே இருப்பதை வெளியே தள்ளப் பார்க்கிறவன்தான் செருமுவான். ஒருவேளை இதுவும் என் ஆசைக்குக் கேட்கிறதோ. ஒருவேளை வேணாம் என்றுதான் சொன்னாரோ, ஆம்புலன்சில் ஏற்றி, வழியில் உயிர் போய், வீட்டில் நிம்மதியாகப் போகவேண்டியவனை ரோட்டில் கொன்னுட்டியேடா என்று அத்தை என் சட்டையைப் பிடித்தால். பிடிக்கட்டும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வெளிச்சம் கண்ணில் அறைந்தது, மூக்கு இப்போது தாராளமாக ஒழுக ஆரம்பித்திருந்தது.

அறைக்குள் போனேன். அய்யா வாயைத் திறந்தபடி கிடந்தார், கண் மூடியிருந்தது, கழுத்து நரம்பு ஒவ்வொரு இழுப்புக்கும் புடைத்து அடங்கியது. ‘வா ராசா, கிழக்குப் பாத்து நில்லு’ என்றாள் அத்தை. ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் சங்கு. சங்கை நீட்டினாள். நான் டம்ளரை வாங்கினேன். விளிம்பில் ஆடை ஒட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை, கோழை வந்து தொண்டையில் நின்றது, எனக்கு எப்போதும் நடக்கிற மாதிரியே. வேறு வழி தெரியாமல் டம்ளரை வாயில் வைத்துக் குடித்தேன். முழுசும் குடித்தேன், மடக் மடக்கென்று, பாதி மூக்குப்பக்கம் ஏறி எரிந்தது, நிறுத்தவில்லை. ‘ஏங்க, சளிக்குப் பால் ஆகாதுங்க’ என்றாள் சுபத்திரா, பழக்கதோசத்தில். அத்தை நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ‘அடப்பாவி, சாவுப்பாலுடா அது. என்னடா காரியம் பண்ணிட்ட.’ டம்ளரைக் கவிழ்த்துத் தரையில் வைத்தேன். ‘சுபத்திரா, நூத்தியெட்டுக்குப் போன் போடு’ என்றேன். ‘டாக்டரே கையை விரிச்சிட்டாரேடா, அக்கடான்னு கிடக்குறவன அலைக்கழிக்கப் போறியா’ என்றாள் அத்தை. ‘கொண்டுபோகணும்னு சொன்னாரு அத்தை. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். சளிய உறிஞ்சி எடுத்தாச் சரியாயிரும்னாரு’ என்றேன். உறிஞ்சி எடுப்பது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. ‘நெசமாவா?’ என்றாள் அத்தை, சங்கைக் கீழே வைத்துவிட்டு. ‘நெசமாத்தான் அத்தை.’ சுபத்திரா போனை எடுத்து விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அய்யாவின் தலையணையை உயர்த்தி அவரை ஒருக்களித்து என் பக்கமாகத் திருப்பினேன். கடைவாயில் நூலாக ஒன்று இறங்கியது, என் வேட்டி நுனியால் துடைத்தேன். கண் பாதி திறந்தது. கவிழ்ந்து கிடந்த டம்ளரைப் பார்த்தார், என் மீசையில் இருந்த வெள்ளையைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். ‘ஊத்தலய்யா’ என்றேன். அவர் வலது கை போர்வையிலிருந்து மெதுவாக எழுந்தது, பாதியில் விழுந்தது, திரும்ப எழுந்தது. ஆள்காட்டி விரல் நடுங்கி நடுங்கி அவர் மூக்கு நுனியைத் தொட்டது. நான் துடைத்துக்கொண்டேன்.